மத்தும் கயிறும் மிதிபலகையும்

தையல் மெஷின் ஸ்டாண்டில் மரம் கடைந்துவிடலாம் என்று நான் நம்பியதற்குப் புதுமண்டபம்தான் காரணம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, அந்தக் கல்தூண்களுக்கு நடுவில் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஆனால் கீழே பாதம் ஆடுவதும், சக்கரம் சுற்றுவதும், மேலே ஊசி ஓடுவதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. ஊசி இருக்கும் இடத்தில் ஒரு கட்டையைச் சுற்றவைத்து உளியை வைத்தால் அது கடைசல் பட்டறை ஆகிவிடாதா?

2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. எங்கள் பக்கத்துக் கடைசல் பட்டறையில் மோட்டார் ஓடாமல் ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யோசனை அப்போது வந்தது. கைக்கு வரப் பல வருடங்கள் ஆயின. திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில், மேலே மெஷின் இல்லாத வெறும் ஸ்டாண்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஒத்தக்கடைக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோவில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

விரல் கனத்தில் ஒரு வேப்பங்குச்சியைக் கடைந்தது அந்த ஸ்டாண்டு. அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து, கட்டில் கால் கனத்தில் ஒரு கட்டையை ஏற்றி உளியை வைத்தேன். நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன், பின்பக்கமாகச் சுற்றியது. தையல் மெஷினைத் தொடாதே என்று அம்மா விரட்டிய வயதில், சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றவிட்டு நூலை அறுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது.

அன்றைக்குத் தெருவில் சாணை பிடிப்பவர் வந்தார். தோளில் சுமந்துவரும் மரச்சட்டம், அதில் சைக்கிள் சக்கரம், கீழே ஒரு மிதி. என் எந்திரத்தை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணே நின்றுவிடுகிறது?”

“சக்கரம் இலேசு தம்பி. துணிக்குச் சரி, கட்டைக்கு ஆகாது.”

அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சுற்றும் சக்கரம் ஒரு உண்டியல். கால் அழுத்தும்போது அதில் போடுகிறோம். கால் மேலே வரும்போதும், உளி மரத்தைக் கடிக்கும்போதும் அதிலிருந்து எடுக்கிறோம். தையல் மெஷின் சக்கரத்தின் விளிம்பில் நான்கு கிலோ எடை, 15 சென்டிமீட்டர் ஆரம், நிமிடத்துக்கு 120 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதில் சேர்ந்திருப்பது சுமார் 7 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தொடை உயரத்துக்குத் தூக்கும் வேலை, அவ்வளவுதான். ஊசிக்கு அது தாராளம். நான்கு சென்டிமீட்டர் கட்டையில் உளி ஒரு முறை ஆழமாக இறங்கினாலே உண்டியல் காலி. அதே இடத்தில் இருபது கிலோ விளிம்பும் 30 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 80 சுற்றே சுற்றினாலும் 63 ஜூல் வைத்திருக்கும்; ஒன்பது மடங்கு. கடைசலுக்கு பிளைவீல், அதாவது இப்படி உண்டியலாக நிற்கும் சக்கரம், என்றால் இருபது கிலோவுக்குக் கீழே யோசிக்கவே கூடாது என்பது இப்போது என் கட்சி.

அப்படி ஒரு சக்கரத்தைச் செய்யலாம். சிமென்ட்டில் வார்க்கலாம், மரத்தில் கட்டி விளிம்பில் இரும்புப் பட்டை அடிக்கலாம். ஆனால் அதற்கு நேரான அச்சு வேண்டும், பேரிங் வேண்டும், மிதியின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றும் கிராங்க் வேண்டும், பெல்ட் நழுவாமல் இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்கு நான்கு முறை நடக்க வேண்டும். பாதி வழியில் எனக்கு அலுத்துவிட்டது. சக்கரமே இல்லாமல் கடைய முடியாதா என்று தேடப்போனபோதுதான், தினமும் வாயில் புழங்கும் ஒரு சொல் கண்முன்னே வந்து நின்றது.

கடைதல். தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், பருப்பைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ‘கடைந்தெடுத்த’ என்று சிலையையும் சொல்வோம், அயோக்கியனையும் சொல்வோம். தயிர் கடையும் மத்து ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் இந்தப் பக்கம், மறு முனையை இழுத்தால் அந்தப் பக்கம். உள்ளங்கைகளுக்கு நடுவே கீரை மத்தை உருட்டினாலும் அதே கதைதான். யாகசாலையில் அரணிக் கட்டையில் கயிறு சுற்றி நெருப்பு எடுப்பதும் கடைதலே. பாற்கடலைக் கடைந்த கதையில் வாசுகிக்குத் தலைப்பக்கம் அசுரர், வால்பக்கம் தேவர். ஒருவர் இழுக்க மற்றவர் விட வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர் சேரியில் நடக்கும் ஆய்ச்சியர் குரவையிலும் மலை மத்தாகவும் பாம்பு நாணாகவும் வருகின்றன. தினமும் மத்துக் கயிறு இழுத்த கைகளுக்கு அந்தக் கதையில் எந்திர நுட்பத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

ஆக, கடைவதற்கு ஒரே திசையில் ஓயாமல் சுற்ற வேண்டும் என்று நான் நினைத்ததே மோட்டார் பழக்கிவிட்ட நினைப்பு. போய்வந்து சுற்றினால் போதும். உளி பாதி நேரம் சும்மா இருக்கும், அதற்கென்ன?

இந்தச் சொல்லை இயந்திரமாக நிறுத்தினால் பழைய கடைசல் பட்டறை வந்துவிடும். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே கட்டை. கட்டையில் ஒரு சுற்றுக் கயிறு. இழுக்க ஒரு ஆள், உளி பிடிக்க ஒரு ஆள். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற தலைமைப் பூசாரியின் கல்லறைச் சுவரில் இதே காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது அது. அதிலும் இரண்டு பேர்தான். நம் ஊர்ப் பழைய பட்டறைகளிலும் ஒருவர் கயிறு இழுக்க ஒருவர் கடைவார். அல்லது தரையில் உட்கார்ந்து, வலக்கையால் வில்லை இழுத்துக்கொண்டே இடக்கையால் உளியைப் பிடிப்பார். முதல் முறையில் கூலி இரட்டிப்பு. இரண்டாவதில் கை பாதி.

காலின் வேலை இங்கேதான் வருகிறது. கயிற்றின் கீழ்முனையை மிதிபலகையில் கட்டு. மேல்முனையை வளையக்கூடிய ஒரு நீண்ட கழியில் கட்டு. மிதித்தால் கட்டை உன் பக்கமாகச் சுற்றும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கயிறு இழுக்கும் ஆளுடைய வேலையைக் காலும் கழியும் பங்குபோட்டுக்கொண்டன; இரண்டு கையும் உளிக்கு மிச்சம். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே இந்தக் கழிப் பட்டறை வந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியனார்டோ டா வின்சி மிதி, கிராங்க், பிளைவீல் மூன்றையும் சேர்த்து ஓயாமல் சுற்றும் பட்டறையை வரைந்துவிட்டார். அதற்குப் பிறகும் கழிப் பட்டறை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு உயிரோடு இருந்தது. இங்கிலாந்தில் ஹை வைகோம் ஊரைச் சுற்றியுள்ள பீச் மரக் காடுகளில், காட்டுக்குள்ளேயே பட்டறை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து ஊருக்கு அனுப்பியவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். பெர்க்‌ஷயரில் ஜார்ஜ் லெய்லி என்பவர் ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் காலால் மிதித்தே கடைந்தெடுத்தார். அவர் 1958இல் இறந்தார். நல்ல சக்கரம் கிடைத்த பிறகும் ஒரு கழியும் கயிறும் ஏன் இத்தனை நாள் தாக்குப்பிடித்தன? ஏழ்மை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிக் காரணம் கயிற்றிலேயே இருக்கிறது.

சக்கரப் பட்டறையில் பெல்ட் ஓடுவது ஒரு புல்லியில். கட்டை எந்தக் கனமாக இருந்தாலும் அதே சுற்றுத்தான். கனத்த கட்டையின் விளிம்பு பறக்கும், மெல்லிய கட்டையின் விளிம்பு தவழும். அதற்காகப் படிப்படியான புல்லி வைத்து பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கயிற்றுப் பட்டறையில் கயிறு கட்டையின் மேலேயே சுற்றியிருக்கிறது. எனவே கயிறு என்ன வேகத்தில் ஓடுகிறதோ, கட்டையின் மேற்பரப்பும் அதே வேகம்தான். என் மிதிபலகையின் நுனி ஒரு மிதிக்கு 45 சென்டிமீட்டர் இறங்குகிறது. அரை நொடியில் இறங்கினால் நொடிக்கு 0.9 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் கட்டை அந்த இறக்கத்தில் மூன்றரைச் சுற்றுச் சுற்றும். அந்தக் கணத்துக்கு நிமிடத்துக்கு 430 சுற்று. இரண்டு சென்டிமீட்டராக மெலிந்தால் அதுவே ஏழு சுற்றாகிவிடும். கட்டை மெலிய மெலிய வேகம் தானாகக் கூடும், கனத்தால் தானாகக் குறையும். கியரே இல்லாத கியர். உளிக்கு வேண்டியது மேற்பரப்பின் வேகம்தான். அது எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது.

மோட்டாரோடு ஒப்பிட்டால்? நம் பட்டறைகளில் சாதாரணமாக ஓடும் மோட்டாரின் 1440 சுற்றை அப்படியே கொடுத்தால், அதே நான்கு சென்டிமீட்டர் கட்டையின் மேற்பரப்பு நொடிக்கு 3 மீட்டர் ஓடும். மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் இடைவிடாமல். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 370 வாட். ஒரு ஆள் நாள் முழுக்கத் தளராமல் கொடுக்கக்கூடியது சுமார் 75 வாட். போட்டிக்கே இடமில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கட்டில் கால் வேண்டும் என்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

பட்டறை கட்டுவது

இடித்த மச்சு வீட்டின் உத்திரக் கட்டை ஒன்று பழைய மரக்கடையில் கிடைத்தது. நெடுக அறுத்து இரண்டு சட்டமாக்கி, நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நான்கு காலில் நிறுத்தினேன். இதுதான் படுக்கை. கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிறுத்தினால் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் பட்டறையே உங்களோடு சேர்ந்து ஆடும். என்னுடையது ஆடியது, பிறகு இரண்டு சாய்கட்டை அடித்தேன்.

படுக்கையின் மேல் இரண்டு கனமான முளைக்கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நீண்ட வால் செதுக்கி, அது சட்டங்களின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கும்படி விட வேண்டும். வாலில் ஒரு துளை. துளையில் ஒரு ஆப்பு. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் முளைக்கட்டை படுக்கையோடு இறுகிவிடும், எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் நகரும். திருகு, நட்டு எதுவும் வேண்டாம். ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்று நாம் கெட்ட அர்த்தத்தில் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது ஆப்புக்குச் செய்கிற அநியாயம்.

முளைக்கட்டைகளில் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு கூர்முனைகள் வேண்டும். கனமான போல்ட் இரண்டை எடுத்து நுனியைக் கூம்பாக அரைத்தேன். இந்த முனைகள் சுற்றாது. மரம்தான் இவற்றின் மேல் சுற்றும். எனவே மரத்தின் இரு முனையிலும் சிறு குழி எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட வேண்டும். மறந்தால் மரமே ஞாபகப்படுத்தும்: முதலில் கீச்சென்று கத்தும், பிறகு தீய்ந்த வாடை வரும். முனைகளின் உயரம் நிற்கிறவரின் முழங்கைக்குச் சரியாக இருக்கட்டும். எனக்கு 103 சென்டிமீட்டர். குட்டையாக வைத்தால் சாயங்காலம் முதுகு கணக்குக் கேட்கும்.

உளியைத் தாங்கக் குறுக்கே ஒரு சட்டம், பட்டியல் கட்டை; கடையும் மரத்தின் மையத்துக்குச் சற்றே கீழான உயரத்தில். அதற்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட அதிகம். இதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மிதிபலகை: பின்பக்கம் ஒரு குறுக்குக்கட்டை, அதிலிருந்து முன்னால் கூம்பிவரும் இரண்டு சட்டங்கள், நுனியில் கயிறு. பின்பக்கக் கட்டையைத் தரையில் பிணைக்கக் கீல் வாங்கப் போய், லாரி டயர் வெட்டிய பட்டை இரண்டை வாங்கிவந்தேன். டயர்ப் பட்டை மடங்கும், ஆனால் பக்கவாட்டில் ஆடாது, எண்ணெயும் கேட்காது. மிதிக்கும் இடம் நுனிக்கும் கீலுக்கும் நடுவில் இருந்தால் கால் கொஞ்சம் இறங்க, கயிறு அதிகம் இறங்கும். செல்லூர்ப் பக்கம் குழித்தறியில் நெய்கிறவர்களின் மிதிக்கட்டையும் இந்த உறவுக்காரர்தான்.

மேலே கழி. ஐரோப்பியர் இளம் மரத்தை வெட்டி வைத்தார்கள். நமக்கு மூங்கில் இருக்கிறது: பன்னிரண்டடி, அடிப்பக்கத்தை இரண்டு இடத்தில் இறுக்கி, நுனி பட்டறைக்கு மேலே வரும்படி. ஆனால் பன்னிரண்டடி மூங்கிலை முற்றத்தில் நீட்டி வைத்தால் வீட்டில் மற்றவர்கள் நடமாட வேண்டாமா? இரண்டாம் வாரமே அதைக் கழற்றிவிட்டு, பட்டறையின் இருபுறமும் இரண்டு தூண் நிறுத்தி, நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குறுக்கே கட்டினேன். டியூபின் நடுவில் கயிறு. மூங்கிலைவிடச் சற்றுத் தொய்வான இழுப்பு. ஆனால் இடம் மிச்சம், வீட்டில் சமாதானம்.

கயிற்றில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். நைலான் வழுக்கியது. வழுக்கிய இடத்தில் சூடேறிப் பளபளவென்று ஆகி, மேலும் வழுக்கியது. தேங்காய்நார்க் கயிறு பிடித்தது, ஆனால் மரத்தை அரித்துப் பள்ளமாக்கியது. முறுக்கேறிய பருத்திக் கயிறு, பம்பரச் சாட்டையைவிட இரண்டு மடங்கு கனத்தில், சரியாக வந்தது. அதைச் சுற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு முழுச் சுற்றுச் சுற்றியபின், மேலே போகும் முனையும் கீழே போகும் முனையும் இரண்டுமே உங்கள் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மிதிக்கும்போது மரம் உளியை நோக்கி இறங்கி வரும். நான் முதல் நாள் மாற்றிச் சுற்றிவிட்டு, உளி ஏன் மரத்தின் மேல் தாவுகிறது என்று அரைமணி நேரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மிதிக்கும் நேரம், விடும் நேரம்

மிதிக்கும்போது உளி மரத்தைத் தொடுகிறது. காலைத் தூக்கும்போது மரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போது உளியை ஒரு நூல் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு நூல் போதும், வெளியே எடுத்துவிடக் கூடாது. பட்டியல் கட்டையிலிருந்து உளி எழவே எழாது. மணிக்கட்டு மட்டும் மூச்சுவிடும். முதல் பத்து நிமிடம் காலும் கையும் இரண்டு வேறு ஆட்களுடையவை போல இருந்தன. கால் இறங்கும்போது கை விலகியது, கை நெருங்கும்போது கால் ஏறியது. இருபதாவது நிமிடத்தில், எப்போது என்று தெரியாமலே சேர்ந்துகொண்டன. நீச்சலும் சைக்கிளும் வந்த நாளில் இப்படித்தான் வந்தன.

முதலில் குழிந்த வாயுள்ள உளி. கோடரியால் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய கட்டையின் முனைகளில் அது டக்டக்கென்று தட்டும். தட்டும் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து ஒரு சீறலாக மாறினால் கட்டை உருண்டையாகிவிட்டது என்று பொருள், பார்க்க வேண்டியதில்லை. பிறகு சாய்ந்த வாயுள்ள பட்டை உளி. ஈரமரத்தில் அது சரியாக வைக்கப்பட்டால் சீவல் கத்தரிக்காய்த் தோல் போல நீளமாக, குளிர்ச்சியாக, விரல் முட்டியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மிதிக்கு ஒரு சீவல். கால் நின்றால் மரமும் நின்றுவிடும். வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். தோளில் துண்டோடு மோட்டார் பட்டறைக்கு முன்னால் குனிவதை என்னால் இன்றும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. இங்கே கைலி கயிற்றில் சிக்கியது உண்டு. சிக்கியதும் கால் நின்றது, மானம் மட்டும்தான் கொஞ்சம் போயிற்று.

உப்புத்தாள் இங்கே அவ்வளவாகப் பயன்படாது. வேகம் போதாது, போய்வரும் சுற்றில் கீறல்தான் விழும். எனவே வழவழப்பு உளியிலேயே வர வேண்டும். உளி வழவழப்பாக அறுக்க வேண்டுமானால் அதன் வாய் கூராக இருக்க வேண்டும். மோட்டாரில் மழுங்கிய உளியும் வேகத்தின் தயவில் ஒப்பேற்றிவிடும். மிதியில் உடனே காட்டிக்கொடுத்துவிடும், முதலில் உங்கள் முழங்காலுக்குத்தான் தெரியும். கடைந்து முடித்ததும், கீழே விழுந்த சீவலையே ஒரு கைப்பிடி அள்ளிச் சுற்றும் மரத்தின் மேல் அழுத்துவேன். மினுமினுப்பு வந்துவிடும்.

என்ன மரம்

காலால் கடைவதற்கு ஈரமரம் வேண்டும். இந்தப் பட்டறையின் மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன. காய்ந்த தேக்கோடு 75 வாட் ஆள் மல்லுக்கட்ட முடியாது. அன்றைக்கு வெட்டிய கிளை, உளிக்கு வெண்ணெய். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பழைய வீடுகளிலிருந்து எடுத்த, பல பத்தாண்டு காய்ந்த ஆச்சா மரம்தான் வேண்டும். அந்த மரத்தை என் பட்டறையில் ஏற்றினால் உளிதான் கடைபடும். தேவையே வேறு: நாதஸ்வரத்தின் துளை இனி அசையவே கூடாது, மத்தின் பிடி சற்று அசைந்தால் தயிருக்கு ஒன்றும் தெரியாது.

அசையும் என்பது உண்மை. மரம் காயும்போது வளையங்களின் ஓரமாகச் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஈரத்தில் வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் முட்டை வடிவமாகும். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. காய்ந்த குறுக்குச்சட்டத்தின் நுனியை, ஈரம் முழுதும் போகாத காலின் துளையில் அடித்து இறக்கினால், கால் காயக் காயச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். கட்டையின் இரு முனையிலும் சாணி பூசி நிழலில் போட்டால் வெடிப்பும் குறையும்.

கடைசலுக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் மஞ்சள் கடம்பில் பிறந்தவை. மதுரைக்குப் பழைய பெயரே கடம்பவனம். மீனாட்சி கோயிலின் தலமரமும் கடம்பு. ஆனால் அந்தக் கடம்பு வேறு, மஞ்சள் கடம்பு வேறு. ஒரே குடும்பத்துப் பங்காளிகள். அதே குடும்பத்தில் இன்னொரு ஏழைப் பங்காளி எங்கள் பக்கத்துக் கரட்டிலும் வரப்பிலும் கேட்பாரற்று நிற்கிறது: மஞ்சணத்தி. உள்ளே அரைத்த மஞ்சள் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு இணக்கம். பம்பரத்துக்கு நான் இதற்கு மேல் ஒன்றைத் தேடமாட்டேன். கொய்யாவும் நல்லது; கவட்டைக்கு அதை வெட்டியவர்களுக்கு அதன் உறுதி தெரியும். பூவரசு தாராளமாகக் கடைபடும். வேம்பு எளிது, கொஞ்சம் நார் எழும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் உண்மையில் பரிந்து பேச வந்த மரத்தைச் சொன்னால் அடிக்க வருவார்கள்: சீமைக்கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், அகற்றச் சொல்லி உத்தரவு வாங்கிய மரம். கண்மாயில் அது நிற்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை, போகட்டும். ஆனால் வெட்டியதெல்லாம் விருதுநகர், இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். அதன் அமெரிக்க உறவினர்களான மெஸ்கீட் மரங்களை அங்கே கடைசல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். காரணம், மேலே சொன்ன சுருக்கம் இந்த இனத்தில் மிகக் குறைவு. வட்டமாகக் கடைந்தது பெரும்பாலும் வட்டமாகவே காயும். வெளியே மெல்லிய மஞ்சள் பட்டை, உள்ளே பழுப்பேறிய சிவப்பு. ஈரத்தில் சுகமாக அறுபடும், காய்ந்தபின் இரும்பு. குறை என்னவென்றால் நேராக இரண்டடி கிடைக்காது. முள் செருப்பைத் துளைக்கும். எனவே கட்டில் காலுக்கு ஆகாது. உளிப்பிடி, பூரிக்கட்டை, மத்து, பம்பரம் என்று ஒரு முழத்துக்குள் அடங்குவதற்கெல்லாம் ஆகும். என் பட்டறையின் எல்லா உளிப்பிடிகளும் அதுதான். கண்மாய்க் கரையில் வெட்டிப்போட்ட ஒரு குவியலிலிருந்து கேட்டு எடுத்துவந்தது.

அரக்கு வண்ணம் பூசுவதில் மட்டும் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்த, உராய்ந்த சூட்டில் அது இளகி மரத்தில் ஏற வேண்டும். கயிற்றை ஆள் வைத்து விடாமல் இழுத்த காலத்தில் நம்மவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். என் ஒற்றைக்கால் மிதியில் சூடு ஏறுவதற்குள் மரம் திரும்பிவிடுகிறது. சிறிய சாமானில் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது, அவ்வளவே.

போன மாதம் அதே சாணை பிடிப்பவர் தெருவுக்கு வந்தார். புதிய பட்டறையைக் காட்டினேன். சக்கரம் எங்கே என்று குனிந்து தேடினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மிதிபலகையில் காலை வைத்தார். பல வருடமாகச் சக்கரத்தை மிதித்த கால். டியூப் கயிற்றை மேலே இழுத்து முடிப்பதற்குள் அடுத்த மிதி இறங்கிவிட்டது. கயிறு தொய்ந்து கட்டையிலிருந்து நழுவியது. மறுபடி சுற்றிக் கொடுத்தேன், மறுபடி நழுவியது.

“இது என்ன தம்பி, கால் தூக்கினால் காத்திருக்கச் சொல்கிறது?” என்று சிரித்தார்.

பேரனுக்கு ஒரு பம்பரம் கிடைக்குமா என்று கேட்டார். மஞ்சணத்திக் கட்டை ஒன்று ஈரமாகவே இருந்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் கடைந்துவிட்டேன். தலையில் சாட்டைக்கு ஒரு பள்ளம், கீழே கூம்பு. ஆணி அடித்தபோது நுனி மொண்ணையாக இருந்தது. என் கையிலிருந்து பம்பரத்தை வாங்கிக்கொண்டு தன் சாணைச் சட்டத்துக்குப் போனார். சைக்கிள் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஆணியின் நுனியைச் சாணைக்கல்லில் தொட்டுத் தொட்டு எடுத்தார்; மஞ்சள் மரத்தின் மேல் பொறி பறந்தது.